மாமன்கையின் முதல் உபயோகத் தேதி

பல்கலைக்கழகத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். இப்போது என் நாற்காலியில் இருக்கும் ஹரிணி போனில் கேட்டாள். "மேடம், ஆரம்பத்துல இருந்து இருந்தது நீங்கதானுங்க. டிரேட் மார்க் பத்தி ஒரு சக்சஸ் ஸ்டோரி எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்." நல்ல பெண், சட்டம் படித்தவள். விண்ணப்பம் போடுவதிலிருந்து சான்றிதழ் எடுப்பது வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறாள். காலக்கெடு நெருங்கினால் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருமாம். வரட்டும். எங்கள் காலத்தில் காலக்கெடு தவறி எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் நேரத்துக்கு நடந்துதான் கெட்டது.

வெற்றிக் கதை என்னிடமும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றை முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் தட்டச்சராகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். தேர்வுப் பிரிவில் வருஷக்கணக்காக மதிப்பெண் பட்டியல் அடித்தேன். கண்டுபிடிப்புகளையும் பெயர்களையும் பதிவு செய்ய ஒரு பிரிவு தொடங்கினார்கள். அங்கே போக யாருக்கும் விருப்பமில்லை. அந்தப் பிரிவில் பதவி உயர்வும் இல்லை, ஜன்னலும் இல்லை. "வளர்மதி இங்கிலீஷ்ல நல்லா டிராஃப்ட் போடுவாங்க" என்று யாரோ சொல்லிவைக்க, என்னைத் தள்ளிவிட்டார்கள். சென்னையில் மூன்று நாள் பயிற்சி. அதில் இரண்டு விஷயம் மனதில் நின்றது. ஒன்று, உலகத்தில் உள்ள பொருள்களையும் சேவைகளையும் நாற்பத்தைந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது. இன்னொன்று, ஒரு பெயரை முதலில் பதிந்தவரைவிட முதலில் உபயோகித்தவருக்கே நம் நாட்டுச் சட்டத்தில் வலு அதிகம் என்பது. இரண்டாவதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கோடு நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டது.

முதல் வேலை பல்கலைக்கழகச் சின்னத்தைப் பதிவு செய்வது. அது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வாசலுக்கு எதிர் பேக்கரியில் கேக் டப்பாமேல் அதே சின்னத்தை அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு நேரில் போய்க் கேட்டேன். பேக்கரிக்காரர் தேங்காய் பன்னை என் கையில் திணித்துக்கொண்டே, "ஏனுங்க மேடம், இத்தன வருசமா உங்க கேட்டுக்கு எதுக்கால இருக்கறமுங்க. ஒரு பாசத்துல போட்டுப்போட்டனுங்க" என்றார். பாசத்துக்கு எந்த வகுப்பு என்று எனக்குப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. பழைய டப்பாக்கள் தீரும்வரை விட்டுக்கொடுத்தோம். அப்புறம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சின்னத்தைச் சட்டையில் போட உரிமம் கொடுத்தோம். மாதிரிச் சட்டை வந்தால் நான்தான் ஸ்கேல் வைத்து அளப்பேன். சின்னத்தில் உள்ள விளக்கின் சுடர் வளைந்திருந்தால் திருப்பி அனுப்புவேன். என் வெற்றிகள் இவ்வளவுதான். வளைந்த சுடரை நிமிர்த்தியிருக்கிறேன்.

இனி எங்கள் இயக்குநர் நாச்சிமுத்து சார். இந்தக் கதையில் அவர் வில்லன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருபது வருஷத்தில் அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அறையைக் கூட்ட வந்தவரைக்கூட "வாங்க, சாப்ட்டீங்களா" என்றுதான் கேட்பார். பச்சை மைப் பேனா வைத்திருப்பார். கோப்பு உள்ளே போனால் அதை வலது கைப்பக்கம் வைத்து, மேலே ஒரு பளிங்குக் கல்லை வைப்பார். படிப்பார், முழுசாகப் படிப்பார். படித்து முடித்ததும் கையொப்பம் போட வேண்டிய இடத்தில் பச்சை மையில் ஒரே சொல் எழுதுவார்: "பேசவும்."

ஒரு கோப்பில் "பேசவும்" என்று வந்தால் எழுதியவர் நேரில் போய்ப் பேச வேண்டும். போனால் டீ வரும். அவருடைய பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் வெள்ளை ஈ வந்தது, போனது எல்லாம் கேட்க வேண்டும். நடுவில் எங்கேயோ, டீ ஆறுவதற்குள், தன் எண்ணத்தை ஒரு கேள்வியாகச் சொல்வார். "இதை இப்படிப் போட்டா என்னங்க?" அவ்வளவுதான். நாம் வெளியே வந்து அதை நம் யோசனையாகவே எழுதி, நம் கையொப்பத்தோடு வைக்க வேண்டும். இரண்டாவது தடவை வரும்போது "ஒப்புதல்" என்று எழுதிக் கையொப்பம் போடுவார். இருபது வருஷக் கோப்புகளைப் புரட்டிப் பாருங்கள். அவர் எதையும் சொன்னதாக ஒரு வரி இருக்காது. எல்லாம் நாங்கள் சொன்னதுதான்.

சூசைராஜ் வந்தது அந்தக் காலத்தில்தான்.

கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். நாலு மிஷின், அஞ்சு ஆள். இயந்திரவியல் துறையில் ஒரு பேராசிரியர், கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம் உள்ளவர், வாழைக்கு முட்டுக் கொடுக்க ஒரு கருவி யோசித்திருந்தார். தார் போட்ட வாழை காற்றில் சாயும். சவுக்குக் குச்சியை அண்டை கொடுத்துக் கயிற்றால் கட்டுவார்கள். கயிறு தண்டை அறுக்கும், குச்சி நழுவும். குச்சியின் தலையில் மாட்டிக்கொள்கிற மாதிரி, இரண்டு கம்பிக் கையும் நடுவில் ஒரு பட்டையுமாகப் பேராசிரியர் படம் போட்டார். செய்து பார்க்கக் கொடுத்தது சூசைராஜிடம். சூசைராஜ் கம்பியின் வளைவைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினார், முனையைத் தண்டு கிழிக்காதபடி உருட்டிவிட்டார். பேராசிரியர் படத்தில் முனை உருட்டல் கிடையாது. பெயரும் அவர் வைத்ததுதான்: மாமன்கை.

"காது குத்தறப்ப கொளந்த திமிருமுங்க. யாரு மடில இருக்கும்? மாமன் மடிலதானுங்க. மாமன் கை புடிச்சிருக்கும், நோகாமயும் புடிச்சிருக்கும், உடவும் உடாது" என்று என்னிடம் சொன்னார். "ஆடிக் காத்துல தார் போட்ட வாழையப் பாருங்க மேடம். அதேமாரிதானுங்க திமிரும்."

பேராசிரியர் "சும்மா வித்துப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். சூசைராஜ் இரண்டு வாழைப் பருவம் விற்றும்விட்டார். கோபி, அந்தியூர், பவானி பக்கத்து உரக்கடைகளில் "மாமன்கை குடுங்க" என்று பெயர் சொல்லிக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பல்கலைக்கழகத்துக்கு விழிப்பு வந்தது. நம் பேராசிரியர் கண்டுபிடித்த பொருள் ஊரெல்லாம் விற்கிறது, நமக்கு உரிமையும் இல்லை, உரிமமும் இல்லை. உடனே கோப்புத் திறந்தோம். பெயரைப் பல்கலைக்கழகத்தின் பேரில் பதிவது, சூசைராஜுக்கே உரிமம் கொடுப்பது என்று முடிவானது. அவருக்கும் சந்தோஷம்தான். தன் பட்டறைச் சாமானில் பல்கலைக்கழகச் சின்னமும் வரும் என்றதும் இரண்டு கையையும் கூப்பினார். ஏனென்றால் அதே பெயரில் அதேபோல ஒன்றை ஈரோட்டில் ஒரு கம்பெனி போட ஆரம்பித்திருந்தது, மட்டக் கம்பியில். "உங்க பேரு பின்னாடி நின்னா அவன் ஓடிருவானுங்க" என்றார்.

உங்களிடம் பழைய ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் மஞ்சள் பையோடு வந்தார். அதிலிருந்து எடுத்து மேசையில் விரித்தது அவர்கள் பங்குக் கோயில் தேர்த்திருவிழா நோட்டீஸ். நம் ஊரில் எந்தத் திருவிழா நோட்டீஸானாலும் அடியில் உபயதாரர்கள் விளம்பரம் இருக்குமே. கொடியேற்றம், நவநாள் பூசை நேரம் எல்லாம் தேதியோடு அச்சாகி, அடியில் ஒரு கட்டத்தில்: "மாமன்கை. வாழைக்கு நோகாத முட்டு. சூசைராஜ் லேத், கணபதி." பக்கத்தில் கருவியின் படம்கூட. அந்த வருஷத் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்கிறார்கள். ஈரோட்டுக் கம்பெனி சரக்குப் போடுவதற்கு எட்டு மாதம் முந்தின சங்கதி அது.

என் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருந்ததற்கு இதைவிட நல்ல ஆதாரம் ஆயுசுக்கும் கிடைக்காது. நோட்டீஸைக் கோப்பில் சேர்த்தேன். எங்கள் கோப்பில் ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில் பக்க எண் போட வேண்டும். அது பதினொன்றாம் பக்கம். விண்ணப்ப வரைவில் "முதல் உபயோகத் தேதி" என்ற கட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதி உள்ளே அனுப்பினேன்.

"பேசவும்" என்று வந்தது.

டீ வந்தது. தோப்பில் ஒரு மரம் இடி விழுந்து கருகிப்போனதைச் சொன்னார். அப்புறம் கோப்பைத் திறந்து பதினொன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, இது நம்ம ஒப்பந்தத்துக்கு முன்னாடி வித்ததுங்களா?"

"ஆமாங்க சார்."

"அப்ப நம்ம அனுமதி இல்லாம வித்ததுங்க."

"புரொபசர் சொல்லித்தானுங்க சார்..."

"அவர் எழுதிக் குடுத்திருக்கறாருங்களா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பாருங்க, தணிக்கைக்காரங்க இந்தத் தாளப் பாத்தா என்ன கேப்பாங்க? யுனிவர்சிட்டிப் பொருளு உரிமம் இல்லாம எப்படி வெளியே போச்சுன்னு கேப்பாங்க. பாவம், அவருக்கு ரிட்டையராக ஆறு மாசமிருக்குது. மெமோ வாங்கிட்டா போகோணும்?" டீயை ஒரு வாய் குடித்தார். "துணைவேந்தர் வெளியீட்டு விழா நடத்தப்போறாருங்கல்ல. நம்ம கணக்குல ஒரு பொருளு பொறக்கறது அன்னைக்குத்தானுங்களே. முதல் உபயோகத் தேதியா விழாத் தேதியைப் போட்டா என்னங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் உபயோகித்தவருக்கே வலு என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியாட்களுக்கு இது புரியாது. எங்களுக்கு அது பொய்யாகவே படவில்லை. ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி, போட்டோ எடுக்கிற வரைக்கும் பல்கலைக்கழகத்தில் எந்தப் பொருளும் இருப்பதாகக் கணக்கில்லை. அதுவரை இருப்பதெல்லாம் "முயற்சி நிலை"தான். எங்கள் கோப்புகள் அப்படித்தான் எழுதப்பட்டன, எங்கள் மூளையும் அப்படியே பழகியிருந்தது. கோபியில் ஆயிரம் வாழையை மாமன்கை தாங்கிக்கொண்டு நின்றாலும், துணைவேந்தர் ஒரு வாழையில் மாட்டுகிற வரைக்கும் அது பிறக்கவில்லை.

பதினொன்றாம் பக்கத்தை எடுத்தேன். பன்னிரண்டைப் பதினொன்றாக்கினேன், பதிமூன்றைப் பன்னிரண்டாக்கினேன். கடைசி வரைக்கும் ஒவ்வொரு தாளிலும் சிவப்பு எண்ணை அடித்து, பக்கத்தில் புதிய எண் போட்டு, சின்னக் கையொப்பம் வைத்தேன். முப்பத்திரண்டு கையொப்பம். நோட்டீஸைக் கிழித்துப் போட மனசு வராமல் என் கைப்பையில் வைத்தேன்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில். வரைவு போட்டது நான். ஏழாவது பிரிவு: உரிமம் பெறுபவர் இந்தப் பெயரை இதற்கு முன் எந்த வகையிலும் உபயோகித்ததில்லை என்றும், இதன்மேல் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். கோப்போடு பொருந்த வேண்டுமே, அதற்காகச் சேர்த்தது. சூசைராஜ் கையெழுத்துப் போட வந்தபோது அந்த இடத்தில் விரலை வைத்து, "இதென்னுங்க மேடம், முன்னாடி உபயோகிக்கலைன்னா போட்டிருக்குது?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதெல்லாம் எல்லா ஒப்பந்தத்துலயும் வர்ற வார்த்தைதாங்க. ஒண்ணுமில்லை" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

விழா ஜோராக நடந்தது. தாரோடு வாழையை டிரம்மில் நட்டுக் கொண்டுவந்தார்கள். துணைவேந்தர் மாட்டத் தெரியாமல் தலைகீழாகப் பிடிக்க, சூசைராஜ் குனிந்து சரிசெய்து கொடுத்தார். போட்டோவில் அவர் முதுகு மட்டும்தான் விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் நான் நோட்டரி முன்னால் நின்று, பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற அலுவலராக, மாமன்கை என்ற பெயர் விழாத் தேதியிலிருந்து முதன்முதலாக உபயோகத்தில் இருக்கிறது என்று பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிட்டேன். செடிகளுக்கான உலோக முட்டு, ஆறாம் வகுப்பு. எல்லாம் சரியாக இருந்தது. சென்னைப் பதிவகத்தின் கேள்விகளுக்குக் கெடுவுக்கு முன்பே பதில் போட்டேன். பெயர் பதிவகத்தின் இதழில் வெளியானபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், எதிர் பேக்கரியில்தான்.

இதழில் வந்தால் நாலு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. கெடு முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஈரோட்டுக் கம்பெனி எதிர்ப்பு மனு போட்டது. அவர்கள் இந்தப் பெயரில் விற்றதற்கான ரசீதுகளை இணைத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் விழாவுக்கு வெகுநாள் முந்தியவை. அத்தனையும் உண்மை ரசீதுகள். திருடியவன் திருடின நாளை ஒளிக்காமல் சொன்னான். எங்களால்தான் எங்கள் நாளைச் சொல்ல முடியவில்லை.

சென்னையில் எங்கள் வக்கீல் போனில் கேட்டார். "உங்க உரிமதாரர் அதுக்கு முன்னாடி வித்திருக்காரா மேடம்? ஏதாவது பேப்பர் இருக்கா?"

இருக்கிறது என்றேன். எப்படிப்பட்ட பேப்பர் என்றும் சொன்னேன்.

"அப்போ முதல்லயே அவர்கிட்ட பேரை ஒரு தாள்ல எழுதி வாங்கியிருந்தா போதுமே. அவரோட தேதி உங்களோட தேதி ஆகியிருக்கும். அவரும் ஜெயிச்சிருப்பார், நீங்களும் ஜெயிச்சிருப்பீங்க."

"இப்ப திருத்த முடியாதுங்களா சார்?"

"சத்தியம் பண்ணின தேதியை எதிர்ப்பு வந்தப்புறம் முன்னாடி தள்ளினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. சரி, அவரே தனியா வந்து நான்தான் முதல்ல உபயோகிச்சேன்னு சொல்லலாம். சொல்லட்டுமே."

ஏழாவது பிரிவைப் படித்துக் காட்டினேன்.

"இதை யார் எழுதினது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றேன்.

ஒரே ஒரு வழி இருப்பதாக வக்கீல் சொன்னார். அதுவும் உறுதியில்லை. முதல் பிரமாணம் தவறு, ஏழாவது பிரிவு தவறு, ஆதாரத்தைக் கோப்பிலிருந்து எடுத்தது நான் என்று நானே புதிதாகப் பிரமாணம் செய்து, நோட்டீஸையும் இணைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் அனுமதித்தால் செய்யலாம். அன்று சாயங்காலமே குறிப்பு எழுதினேன். என் வேலைக் காலத்தில் நான் எழுதிய ஒரே நேர்மையான குறிப்பு அதுதான். ஒன்றரைப் பக்கம், நடந்தது நடந்தபடி.

பச்சை மையில் "பேசவும்" என்று வந்தது.

அன்றைக்கும் டீ வந்தது. நாச்சிமுத்து சார் தோப்பைப் பற்றிப் பேசவில்லை. அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

"அம்மணி, உங்களுக்கு இன்னும் எத்தன வருசம் இருக்குதுங்க?"

"மூணுங்க சார்."

"சத்தியம் தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, அது உங்களோட நிக்குமுங்களா? மொதல்ல சஸ்பென்ஷன். அப்புறம் விசாரணை. வீட்ல உங்க வருமானம்தானுங்களே?" என் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தது அவருக்குத் தெரியும். பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தவர். "ரிட்டையராகிப் போன அந்தப் புரொபசரையும் இழுப்பாங்க. ஜெயிப்போம்னும் வக்கீல் சொல்லலை. ஒரு பேருதானுங்களே. அவரு வேற பேரு வெச்சுக்கிட்டா என்னங்க?"

கோப்பை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, வேறு குறிப்பு எழுதினேன்: "விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது பல்கலைக்கழக நலனுக்கு உகந்தது எனக் கருதப்படுகிறது." ஒப்புதல் அன்றைக்கே வந்தது. வாழ்நாளில் அவரிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் எந்தக் கோப்பும் வந்ததில்லை.

ஈரோட்டுக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. எங்கள் உரிமதாரர் இனிமேல் அந்தப் பெயரை உபயோகிக்க மாட்டார் என்று எழுதித் தர வேண்டும், பெயர் வெட்டிய அச்சையும் ஒப்படைக்க வேண்டும். கடிதத்தைத் தபாலில் அனுப்பலாம் என்றார்கள். நானே எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். குறைந்தபட்சம் அதையாவது செய்தேன் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அதுவும் என் மனசு ஆறுவதற்குத்தான்.

பட்டறையில் எண்ணெய் வாசம். அறுக்கும் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாங்க மேடம், ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே." கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நம்ம நோட்டீஸக் காட்டலீங்களா?"

"காட்ட முடியலைங்க."

"ஏனுங்க?"

நான் சொன்னேன். பக்க எண், விழாத் தேதி, ஏழாவது பிரிவு எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் அச்சை எடுத்துவந்தார். உள்ளங்கை அகலத்துக்கு எஃகுக் கட்டை, அதில் தலைமாற்றி வெட்டிய எழுத்துகள். ஒப்படைப்பதற்கு முன் கிரைண்டரை ஓடவிட்டு எழுத்தை அதில் வைத்துத் தேய்த்தார். பொறி பறந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் போகும் வரைக்கும் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"அச்ச அப்பிடியே குடுத்தா அதுலயே அடிச்சுக்குவானுங்க. அவன் வேணும்னா வெட்டிக்கட்டும்" என்றார். தண்ணீரில் நனைத்து, துணியில் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சூடு காகிதத்தைத் தாண்டி வந்தது. அப்புறம் கடிதத்தின் நகலில் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை.

வேறு பெயர் வைத்துப் பார்த்தார். கோபிக் கடைகளில், "மாமன்கை இல்லீங்களா? இது போலியாட்ட இருக்குது" என்று திருப்பி அனுப்பினார்களாம். அசலைச் செய்தவருடைய சரக்குத்தான் போலியாகிப் போனது. ஒரு பருவம் தாக்குப்பிடித்தார், அடுத்ததில் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஈரோட்டுக் கம்பெனிக்குப் பெயர் பதிவாகிச் சான்றிதழும் வந்துவிட்டது. அந்த இதழை நான் எடுத்துப் பார்த்தேன். முதல் உபயோகத் தேதி என்ற இடத்தில் அவர்கள் போட்டிருந்த தேதி அசல் தேதிதான். அவர்கள் எதிலும் பொய் சொல்லவில்லை.

பணி ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் என் கணவரும் போய்ச் சேர்ந்தார். பீரோவை ஒதுக்கும்போது பழைய கைப்பையில் நோட்டீஸ் கிடைத்தது. மடித்த இடத்தில் லேசாக நைந்திருந்தது. எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். இப்போது என்னைப் பயமுறுத்த யாரிடமும் எதுவும் இல்லை. வேண்டுமானால் கோர்ட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

பட்டறை திறந்திருந்தது. சூசைராஜ் தனியாக பிரஸ்ஸில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மணி" என்றார். மேடம் போய் அம்மணி வந்திருந்தது. பக்கத்தில் சாக்குச் சாக்காகச் சரக்கு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கம்பியின் வளைவு அவருடையது. முனை தண்டு கிழிக்காதபடி உருட்டியிருந்தது. பட்டையில் "மாமன்கை" என்று அடித்திருந்தது. அடியில் ஈரோட்டுக் கம்பெனியின் பெயர்.

"அவங்களுக்குத்தானுங்க இப்ப செஞ்சு குடுக்கறேன், கூலிக்கு" என்றார். "முனை உருட்ட அவங்க ஆளுங்களுக்கு வரலீங்க. தண்டு கிழியுதுன்னு வெவசாயிங்க திட்டுனாங்களாமா. கடசில என்னையக் கூப்புட்டாங்க."

நோட்டீஸை நீட்டினேன். துணியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டி, பூசை நேரங்களைக்கூட விடாமல் படித்தார். அடியில் இருந்த கட்டத்தைக் கடைசியில்தான் பார்த்தார்.

"நான் வந்து சாட்சி சொல்றேனுங்க" என்றேன். "எங்கே வேணும்னாலும் சொல்றேன்."

"சொன்னா இந்தக் கூலியும் நின்னுபோயிருமுங்க அம்மணி." மெதுவாக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். "ஊட்ல வெச்சா மருமவன் பாத்துப்போட்டு கேஸ் போடலாம்பானுங்க. எனக்குத் தெம்பில்லீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்." அப்புறம், "டீ சாப்டறீங்களா?" என்று கேட்டார்.

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை அதற்கப்புறம் யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஹரிணி, உன்னுடைய புதிய மென்பொருளில் எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது என்று சொன்னாய். நானும் ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை, ஒன்றைத் தப்பாக நிரப்பினேன். இப்போது சரியாக நிரப்புகிறேன்.

பெயர்: மாமன்கை. பொருள்: செடிகளுக்கான உலோக முட்டு, ஆறாம் வகுப்பு. முதல் உபயோகத் தேதி: கணபதிப் பங்கில் தேர்த்திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, காலைப் பூசை முடிந்து நோட்டீஸை ஆட்கள் கையில் கொடுத்த நேரம். உபயோகித்தவர்: சூசைராஜ், லேத் பட்டறை. ஆதாரம்: பக்கம் பதினொன்று. மேலே சொன்ன அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை என்று இதனால் உறுதி கூறுகிறேன். ஒப்பம், வளர்மதி.

இதை எந்த அலுவலகத்தில் தாக்கல் செய்வது என்று மட்டும் உன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்.